முரசு கரைவது எதிர்ப்புச் சக்தி குறைந்ததாலா?

கேள்வி: எனக்கு 44 வயது. ஒரு வருடமாகப் பல் தீட்டும்போது முரசால் (பல் ஈறால்) இரத்தம் வருகிறது. கீழ் முன்பற்கள் இரண்டு இலேசாக ஆடுகின்றன. நான்கு வருடமாக நீரிழிவு இருக்கிறது. கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு) 8.6. பிரஷருக்கு அம்லோடிபின் குளிசை போடுகிறேன். காலையும் இரவும் தவறாமல் பல் தீட்டுகிறேன். என் மாமிக்கு 71 வயது. வெற்றிலை போடுவா, உமிக்கரியால்தான் தீட்டுவா, ஆனால் ஒரு பல்லும் ஆடவில்லை. "உனக்கு எதிர்ப்புச் சக்தி காணாது, அதுதான்" என்கிறா. மருந்துக்கடையிலும் எதிர்ப்புச் சக்திக்கு என்று ஒரு போத்தல் குளிசை தந்தார்கள். ஸ்கேலிங் (பல்லைச் சுரண்டிச் சுத்தம்) செய்தால் பல் இன்னும் ஆடும் என்று சொல்வதால் அதற்கும் பயமாக இருக்கிறது. எதைச் சாப்பிட்டால் எதிர்ப்புச் சக்தி கூடும்? என் 15 வயது மகளுக்கும் இது வருமா?

வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் போத்தலை ஒரு பக்கம் வையுங்கள். உங்கள் முரசில் எதிர்ப்புச் சக்தி ஓய்ந்துபோய்க் கிடக்கவில்லை. ஒரு வருடமாக ஓய்வே இல்லாமல் அது வேலை செய்கிறது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைவதில் பெரும்பங்கு அந்த ஓயாத வேலைக்குத்தான். கிருமி தூண்டிவிடுகிறது, கரைப்பது பெரும்பாலும் நம்முடைய உடம்பே. இதைப் புரிந்துகொண்டால் எந்த மருந்து உதவும், எது காசுக்குக் கேடு என்பது தானாகத் தெரியும்.

முரசு பல்லோடு முழுதாக ஒட்டியிருப்பதில்லை. பல்லைச் சுற்றி மெல்லிய பள்ளம் ஒன்று உண்டு. சுகமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீற்றர். அந்தப் பள்ளத்தின் அடியில் பல்லையும் முரசையும் இணைக்கும் தோல் மிக மெல்லியது, கலங்களுக்கு இடையே இடைவெளி உள்ளது. உடம்பின் மற்ற இடங்களில் தோல் மூடிய சுவர். இங்கே மட்டும் கடினமான பல் ஒன்று தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கிறது. அந்த வாசலைக் காக்க நியூட்ரோபில் என்ற வெண்குருதிக் கலங்கள் இரத்தக் குழாயிலிருந்து பள்ளத்துக்குள் இரவு பகலாக வந்துகொண்டே இருக்கும். சுகமான வாயிலும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் வந்து, கிருமியை விழுங்கி, செத்து, எச்சிலோடு போய்விடும். இந்தக் காவல் நமக்குத் தெரியாமலே நடப்பது. அது நின்றால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி உண்டு. பிறப்பிலேயே நியூட்ரோபில் குறைபாடு உள்ள சில குழந்தைகளுக்குப் பாற்பற்களே முரசு கரைந்து விழுந்துவிடுகின்றன.

ஆக இப்படிப் பிறப்பிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாமற்போவது மிக அரிது; அது இளவயதிலேயே, மற்றக் கடும் தொற்றுகளோடு சேர்ந்து வெளிப்படும். உங்கள் சங்கதி அது அல்ல.

உங்களுக்கு நடப்பது இப்படி. பல்லில், முரசோரத்தில் வழவழவென்ற மெல்லிய படலம் சேருகிறது. நாக்கால் தடவினால் தெரியும், காலையில் எழுந்ததும் பல் சற்றுச் சொரசொரப்பாக இருப்பது அதனால்தான். அது சோற்று மிச்சம் இல்லை. கிருமிகள் தாமே பசை சுரந்து கட்டிய குடியிருப்பு. ஒரு நாள் கழித்துத் துடைத்தால் போய்விடும். விட்டுவிட்டால் எச்சிலில் உள்ள கல்சியம் அதில் படிந்து சில நாட்களிலேயே காரையாக இறுகும். காரை இறுகிய பிறகு எந்த பிரஷும் அதை எடுக்காது. கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில் காரை அதிகம் படிவதற்குக் காரணம் உண்டு: நாக்கின் அடியில் உள்ள பெரிய எச்சில் சுரப்பியின் வாய் அவற்றுக்கு நேரே திறக்கிறது. உங்கள் ஆடும் இரண்டு பற்களும் அந்த இடத்தில் இருப்பது தற்செயல் அல்ல.

படலம் முரசோரத்தில் தங்கியதும் நியூட்ரோபில்கள் கூட்டமாக வருகின்றன. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, முரசு சிவந்து வீங்குகிறது, தொட்டால் இரத்தம் கசிகிறது. 1965 இல் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பல் மருத்துவ ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 12 பேரைப் பல் தீட்டாமல் விட்டுப் பார்த்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் முரசு அழற்சி வந்தது. திரும்பத் தீட்டத் தொடங்கி ஏறத்தாழ ஒரு கிழமைக்குள் அது மறைந்தது. இந்தக் கட்டத்தில் எலும்புக்கு ஒரு சேதமும் இல்லை, முற்றாகத் திரும்பலாம்.

படலம் மாதக் கணக்கில் இருந்தால் கதை மாறுகிறது. கிருமியை அழிக்க வந்த கலங்கள் அங்கேயே தங்கி, வேதியல் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். இன்டர்லூக்கின், புரொஸ்டகிளாண்டின் போன்ற அச்செய்திகள் எலும்பை அரிக்கும் கலங்களைத் தட்டியெழுப்புகின்றன. நியூட்ரோபில்கள் சுரக்கும் நொதிகள் பல்லைப் பிடித்துவைக்கும் கொலாஜன் நார்களை வெட்டுகின்றன. மண்வீட்டில் தீ பிடித்தால் அணைக்க ஊற்றும் தண்ணீரே சுவரை ஊறவைத்துச் சரிப்பதுபோல. தீ அணைந்தால் தண்ணீரும் நிற்கும். ஆனால் இங்கே எரியும் விறகு, அதாவது படலம், எடுக்கப்படவில்லை. அதனால் தண்ணீர் ஊற்றுவதும் நிற்பதில்லை. பள்ளம் 4, 5, 6 மில்லிமீற்றர் என ஆழமாகி 'பை' ஆகிறது. பைக்குள் பிராணவாயு குறைவு, இரத்தத்திலிருந்து இரும்புச்சத்து தாராளம். பொர்பிரோமொனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் போன்ற கிருமிகளுக்கு அது வசதியான இடம். இந்தக் கிருமி வெண்கலங்களை முற்றாகக் கொல்வதில்லை. எதிர்ப்பு முறையின் சில புரதங்களைத் தன் நொதியால் வெட்டி, கலங்களைக் கொல்லும் வேலையிலிருந்து திசைதிருப்பிவிடுகிறது. அழற்சி மட்டும் ஓயாது. அழற்சியில் உடையும் திசுவே அதற்கு உணவு. அதனால்தான் எதிர்ப்புச் சக்தியைக் 'கூட்டும்' மருந்து இந்த நோய்க்குப் பொருந்தாது என்கிறேன். கூடினால் எந்தப் பக்கம் கூடும் என்பதை ஒரு குளிசை தீர்மானிக்க முடியாது.

விற்றமின் சி குறைந்தால் கொலாஜன் சரியாகக் கட்டப்படாமல் முரசு இரத்தம் கசியும். பாய்மரக் கப்பல் காலத்து மாலுமிகளுக்கு மாதக்கணக்காகக் கடலில் காய்கறி இல்லாமல் வந்த ஸ்கர்வி அதுதான். ஆனால் ஒரு கொய்யாப்பழம் சாப்பிடுபவருக்கு அன்றைய தேவை பெரும்பாலும் நிறைந்துவிடும். நெல்லி, தேசிக்காய், முருங்கையிலை எல்லாம் கைக்கெட்டும் ஊரில் போத்தல் தேவையில்லை. குறை இல்லாதவருக்கு மேலதிகமாகக் கொடுத்தால் முரசு நோய் மாறாது. சீனி இருப்பதால் பழத்தை அளவோடு, சாறாக்காமல் கடித்தே சாப்பிடுங்கள்.

இனி மாமியின் பற்கள். அது மனக்குறைக்கு இடமான கேள்வி, விஞ்ஞானத்தில் அதற்கு நல்ல பதில் இருக்கிறது. அந்தப் பதில் நம் நாட்டிலேயே கிடைத்தது. லோவும் சகாக்களும் 1970 இல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஆண் தொழிலாளர்கள் 480 பேரைப் பரிசோதிக்கத் தொடங்கி, 15 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பல் தீட்டும் பழக்கமோ பல் வைத்தியமோ இல்லாதவர்கள். எல்லோர் வாயிலும் படலம், காரை, முரசு அழற்சி. எல்லோருக்கும் ஒரே அளவில் பல் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. ஏறத்தாழ 8 வீதமானோருக்கு மிக வேகமாகக் கரைந்தது. 35 வயதில் பல்லின் பிடிப்பில் சராசரியாக 9 மில்லிமீற்றர் இழந்திருந்தார்கள். 81 வீதமானோருக்கு மெதுவாக, அதே வயதில் 4 மில்லிமீற்றர். மிச்ச 11 வீதமானோருக்கு அழற்சி இருந்தும் நோய் முன்னேறவில்லை, 1 மில்லிமீற்றருக்கும் குறைவு. ஒரே அழுக்கு, மூன்று விதமான விளைவு. அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு ஒவ்வொருவர் உடம்பும் படலத்துக்குக் காட்டும் எதிர்வினையில் இருக்கிறது. மாமி அந்தப் பதினொரு வீதத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம். அது உமிக்கரியின் புண்ணியம் இல்லை. உமிக்கரி, செங்கட்டித்தூள், உப்புத்தூள் எல்லாம் பல்லின் வேர்ப்பக்கத்தை அராவிவிடும்.

ஆனால் மாமியையும் ஒருமுறை வைத்தியரிடம் காட்டுங்கள், கட்டாயம். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களின் முரசில் இரத்தம் வராதது நல்ல அடையாளம் ஆகாது. நிக்கொட்டின் இரத்தக் குழாயைச் சுருக்கி அழற்சியை மறைத்துவிடும், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் வெளியில் தெரியாது. அதைவிடப் பெரிய கவலை வாய்ப்புற்று. நம் நாட்டில் ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் அது முன்னணியில் உள்ளது. பாக்கு மட்டும் போடும் பெண்களும் தப்புவதில்லை. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், உறைப்புச் சாப்பிட்டால் எரிவு, வாயை முன்போல அகலத் திறக்க முடியாமை: இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

மாமி உங்களைப் பற்றிச் சொன்னதில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. நீரிழிவில் இரத்தச் சீனி கூடியிருக்கும்போது நியூட்ரோபில்கள் இரண்டு வகையில் பிசகுகின்றன. கிருமி இருக்கும் இடத்துக்கு விரைந்து போய் விழுங்கும் திறன் மங்குகிறது. அதே நேரத்தில் அழற்சியைத் தூண்டும் செய்திகள் வழக்கத்தைவிட அதிகமாக, நீளமாக வருகின்றன. சீனி புரதங்களோடு ஒட்டி உருவாகும் கழிவுகள் கொலாஜனைக் கெட்டியாக்கி, புதிதாகக் கட்டுவதைக் குலைக்கின்றன. பிடிக்கும் கை தளர்ந்தது, கத்தும் குரல் உயர்ந்தது என்று சொல்லலாம். முரசு நோயின் வேகத்தைத் தரம் பிரிக்க இப்போது நாங்கள் பயன்படுத்தும் முறையில் எச்பிஏ1சி 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதுவே நோயை வேகமான தரத்துக்கு உயர்த்தும். தினம் 10 அல்லது அதற்கு மேல் சிகரெட் புகைப்பதும் அப்படியே. உங்கள் 8.6 அந்த வரம்புக்கு மேல்.

இது இருவழிப் பாதை. முரசில் ஓயாத அழற்சி இருந்தால் அங்கிருந்து இரத்தத்தில் கலக்கும் செய்திகள் இன்சுலினின் வேலைக்கு இடைஞ்சல் செய்கின்றன. முரசு நோய்க்கு வடிவாகச் சிகிச்சை எடுத்தவர்களில் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவு குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. இன்னொரு நீரிழிவுக் குளிசை சேர்ப்பதற்கு இணையான பலன் அல்ல என்றாலும், சும்மா விடக்கூடியதும் அல்ல. ஆகவே நீரிழிவுக் கிளினிக்கில் முரசைப் பற்றிச் சொல்லுங்கள்; பல் வைத்தியரிடம் சீனி அறிக்கையைக் காட்டுங்கள்.

அம்லோடிபின் சிலருக்கு முரசைத் தடிக்கவைக்கும், பற்களுக்கு இடையில் உள்ள முக்கோணச் சதை பருத்துவரும். படலம் குறைந்தால் தடிப்பும் பெரும்பாலும் குறையும். நீங்களாகவே நிறுத்த வேண்டாம், பிரஷர் ஏறினால் ஆபத்து. தேவைப்பட்டால் வைத்தியர் மாற்றித் தருவார்.

சரி, என்ன செய்வது? வீட்டில் தொடங்குங்கள். நீங்கள் இரண்டு தரம் தீட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். எத்தனை தரம் என்பதைவிட பிரஷ் எங்கே படுகிறது என்பதே முக்கியம். பெரும்பாலானோர் பல்லின் வெளிப்புறத்தை வெண்மையாக்குகிறார்கள், படலம் இருக்கும் முரசோரத்தைத் தொடுவதேயில்லை. மென்மையான நாருள்ள பிரஷின் நுனிகளைப் பல்லும் முரசும் சேரும் கோட்டில் 45 பாகைச் சாய்வில் வையுங்கள். பாதி நார் பல்லில், பாதி முரசில். அழுத்தம் கொடுக்காமல் இருந்த இடத்திலேயே சிறு அதிர்வாகப் பத்துத் தடவை அசைத்து, பிறகு பல்லின் நுனியை நோக்கி வழித்துவிடுங்கள். அடுத்த இரண்டு மூன்று பற்களுக்கு நகருங்கள். கீழ் முன்பற்களின் உட்பக்கத்துக்கு பிரஷை நட்டமாகப் பிடித்து, முன்பக்க நாரால் ஒவ்வொரு பல்லாகக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். கண்ணாடியில் முகம் சாய்த்துப் பார்த்துச் செய்யுங்கள், முதல் கிழமை நேரம் எடுக்கும். மொத்தம் இரண்டு நிமிடத்துக்குக் குறையக் கூடாது. பயறளவு புளோரைட் பற்பசை போதும். தீட்டியபின் துப்புங்கள், வாயைத் தண்ணீரால் அலசித் தள்ளாதீர்கள்.

பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் பல் தீட்டும் பிரஷ் போகாது. உங்களுக்கு எலும்பு கரைந்து இடைவெளி தெரிந்தால் இடைப்பல் பிரஷ் வாங்குங்கள். சற்று இறுக்கமாக, ஆனால் தள்ளாமல் போகும் அளவே சரியான அளவு. கீழ் முன்பற்களுக்கு மெல்லியது, கடைவாய்க்குப் பெரியது என்று இரண்டு அளவு வேண்டியிருக்கும். இடைவெளி இல்லாத இடத்துக்கு நூல். இரவில் ஒருமுறை போதும்.

தொடங்கியதும் இரத்தம் கூடலாம். "பிரஷ் காயப்படுத்துகிறது" என்று நினைத்து அந்த இடத்தை விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. இரத்தம் வரும் இடமே கவனம் வேண்டிய இடம். படலம் ஒழுங்காகப் போனால் ஒன்று இரண்டு கிழமைக்குள் கசிவு குறையும். குறையாத இடத்தின் அடியில் காரையோ பையோ இருக்கிறது என்று பொருள். அதை வீட்டில் எடுக்க முடியாது.

பல் வைத்தியர் முதலில் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் ஆழம் அளப்பார். அந்தக் கருவியின் நுனியில் அரை மில்லிமீற்றர் அளவான சிறு குமிழ், 3.5 முதல் 5.5 மில்லிமீற்றர் வரை கறுப்புப் பட்டை. பட்டை முழுதாக வெளியில் தெரிந்தால் நல்லது. பாதி மறைந்தால் 4 அல்லது 5 மில்லிமீற்றர்ப் பை. முழுதும் மறைந்தால் 6 அல்லது அதற்கு மேல். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டம் தெரியும். எத்தனை வீதம் எலும்பு போயிருக்கிறது என்பதை வயதால் வகுத்தால் உங்கள் நோயின் வேகம் கிடைக்கும்: 44 வயதில் 22 வீதம் என்றால் 0.5, நடுத்தரம், 1ஐத் தாண்டினால் வேகமானது. இலக்கங்களை எழுதித் தரச் சொல்லுங்கள், அடுத்தமுறை ஒப்பிடலாம்.

பிறகு ஸ்கேலிங், அதோடு பைக்குள் வேர்ப்பகுதியைச் சுத்தம் செய்வது. ஆழமான இடங்களுக்கு விறைக்கும் ஊசி போட்டு, இரண்டு முதல் நான்கு தடவையாகச் செய்வார்கள். இதனால் பல் ஆடுமா? இல்லை. பற்களை ஒன்றோடொன்று காரை ஒட்டிப் பிடித்திருந்தது. எடுத்ததும் உள்ளே ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது. வீக்கம் வற்றுவதால் பல் நீளமாகத் தோன்றும், இடைவெளி தெரியும், சில கிழமைகள் குளிர் பட்டால் கூசும். அழற்சி அடங்கியதும் நார்கள் இறுகி, இலேசான ஆட்டம் பெரும்பாலும் குறையும். குறையாத பற்களை மெல்லிய கம்பி வைத்துப் பக்கத்துப் பற்களோடு இணைக்கலாம். போன எலும்பு பெரும்பாலும் திரும்ப வராது. இருப்பதைக் காப்பதே நோக்கம்.

குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு 0.2 வீதம் தந்தால் 10 மில்லிலீற்றர், ஒரு நிமிடம், நாளுக்கு இரண்டு முறை, இரண்டு கிழமைக்கு மேல் வேண்டாம். பற்பசைக்கும் அதற்கும் அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் வேலை செய்யாது. தேத்தண்ணீரோடு சேர்ந்து பல்லைக் கறையாக்கும், ஸ்கேலிங்கில் அது போய்விடும். நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் குடிக்காதீர்கள்: படலத்தின் பசைக்குள் மருந்து போதியளவு போகாது, இரண்டு கிழமை குறைந்ததுபோல் இருந்து திரும்பவும் வரும். முகம் வீங்கி, காய்ச்சலோடு, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் மட்டும் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். மழைக்காலத்தில் காய்ச்சலோடு முரசால் இரத்தம் வந்தால் அது முரசு நோய் என்று இருக்க வேண்டாம். டெங்குக்கும் அது அபாய அறிகுறி, அஸ்பிரின், இபுபுரோஃபென் எதையும் போடாமல் உடனே போக வேண்டும்.

சுத்தம் செய்து 8 முதல் 12 கிழமையில் திரும்ப அளப்பார்கள். எல்லா இடமும் 4 மில்லிமீற்றருக்குள், இரத்தம் இல்லாமல் இருந்தால் வெற்றி. 6 அல்லது அதற்கு மேல் மிஞ்சிய பைகளுக்குச் சிறு சத்திரசிகிச்சை தேவைப்படலாம், அதற்கு முன் சீனி இறங்கியிருக்க வேண்டும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. உங்கள் உடம்பின் எதிர்வினையை மாற்ற முடியாது, அதற்குத் தூண்டுதலைக் குறைவாக வைக்கலாம். அதனால்தான் மூன்று மாதம், ஆறு மாதம் அல்ல. அரச வைத்தியசாலைகளில் இந்தச் சேவை இலவசம். கடினமான இடங்களுக்குப் பேராதனைப் பல் வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள்.

மகளுக்கு உங்கள் எதிர்வினையின் தன்மை ஓரளவு வரலாம். 15 வயதில் வேகமான வகை இருந்தால் பெரும்பாலும் முதற்கடைவாய்ப் பற்களிலும் முன்பற்களிலும்தான் தொடங்கும், படலம் அதிகம் இல்லாமலே, முரசு சிவக்காமலே. கண்ணால் பார்த்துத் தெரியாது, அளந்துதான் தெரியும். நீங்கள் போகும் நாளில் அவளையும் கூட்டிப் போய், அந்த எட்டு முன்பற்களையும் நான்கு முதற்கடைவாய்ப் பற்களையும் மட்டும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். காலையில் போங்கள். வழக்கம்போல் சாப்பிட்டு, நீரிழிவுக் குளிசையைப் போட்டுக்கொண்டு போங்கள். வெறும் வயிற்றில் போய்க் கதிரையில் சீனி இறங்கினால் சிகிச்சையை இடையில் நிறுத்த வேண்டிவரும். குடிக்கும் மருந்துகளின் பட்டியலும் கடைசி எச்பிஏ1சி அறிக்கையும் பையில் இருக்கட்டும்.